முடியாத பாட்டுக்கு ஒரு முத்திரை

கடல்கடந்த கலை வாரியத்தின் படிவத்தில் பதினான்காம் கேள்விக்குப் பிசின் உண்மையான பதிலை எழுதிவிட்டான். வாரியம் தொடங்கிய இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு காரியத்தை யாரும் செய்ததில்லை.

கேள்வி இதுதான்: குழு பயிற்சி செய்யும் இடம், கதவு எண், தரைப்பரப்பு, வெளியேறும் வழிகளின் எண்ணிக்கை. பிசின் எழுதியது: ‘கடல். மணல்திட்டுக்கு வலப்பக்கம். கதவு கிடையாது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெளியேறலாம்.’ இருபத்திரண்டாம் கேள்வி, ஒவ்வொரு பாட்டின் கால அளவு. அதற்கு, ‘அடுத்த நல்ல அலை வரும்வரை.’

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பொய்த் தகவல் தந்தால் இரண்டு வருடம் தடை என்று படிவத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உடைந்த சர்ஃப் பலகைகளுக்குப் பிசின் பூசி ஒட்டுப்போடுவது அவன் தொழில். பெயரும் அதனால் வந்ததுதான். எங்கே விரிசல் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய தொழில் அது. இவன் சொல்லாவிட்டால் பலகை நடுக்கடலில் சொல்லிவிடும். எதிரில் உட்கார்ந்து யார் எதைக் கேட்டாலும் விரிசலைக் காட்டுவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

அவர்கள் குழுவுக்கு ‘ஈரக்கால்’ என்று பெயர். நான்கே பேர். பாடுவது பிசினின் அக்கா. கிதார் அவள் கணவர், பிசினுக்கு மாமா. பகலில் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்பவர். பேஸ் கிதார் வாசிப்பவன் நெட்டை, பார்சல் வேன் ஓட்டுகிறவன். டிரம்ஸ் பிசின். நால்வரும் முதலில் அலைச்சறுக்குப் பைத்தியங்கள், மிச்சமிருக்கும் நேரத்தில் ரூட்ஸ் ராக் என்ற, நாட்டுப்பாட்டு வாடை அடிக்கும் ராக் இசை வாசிப்பவர்கள். அலை என்பது ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொண்டே இருப்பதல்ல; கூட்டமாக நாலைந்து வரும், பிறகு கால்மணி நேரம் கடல் சும்மா கிடக்கும். அந்தக் கால்மணி நேரத்தில் பலகைமேல் கால் போட்டு உட்கார்ந்து பாட்டுக் கட்டுவார்கள். பிசின் பலகையையே தட்டுவான். தூரத்தில் நல்ல அலை எழுந்தால் அக்கா அரைச் சொல்லில் நிறுத்திவிட்டுப் படுத்துத் துழாவிக் கிளம்பிவிடுவாள். பாட்டு அங்கே முடிந்தது.

மேடையிலும் அதையே வைத்துக்கொண்டார்கள். அக்கா எங்கே நிறுத்துகிறாளோ அங்கே எல்லோரும் வெட்டு விழுந்தாற்போல் நிறுத்துவார்கள். உள்ளூரில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஜனங்கள் எழுந்துபோனார்கள். வெளிநாட்டில் அது பிடித்துப்போய்விட்டது. அலை தேடி வந்த யாரோ ஒரு பயணி படம் எடுத்துப் போட, எங்கெங்கோ பனி பெய்கிற ஊர்களில் எல்லாம் அந்த அரைப் பாட்டுகளை முழுதாக மனப்பாடம் செய்து, சரியாக அதே அரைச் சொல்லில் நிறுத்தி, ‘நிறுத்துகிற இடத்தில் அழுதுவிட்டேன்’ என்று எழுதினார்கள்.

கடைசியில் அழைப்பு வந்தது. கடற்கரை இசைவிழா, பத்தாயிரம் பேர், நாற்பது நிமிடம், நான்கு விமான டிக்கெட். ஒரே நிபந்தனை: சொந்த நாட்டு வாரியத்தின் சான்றிதழ் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த குழு.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாத காரணம் அக்காவின் காதுக்குள் இருந்தது. குளிர்ந்த நீரும் காற்றும் பதினைந்து வருடம் அடித்ததில் இரண்டு காதுகளிலும் எலும்பு வளர்ந்து துளையை அடைத்துக்கொண்டு வந்தது. அலைச்சறுக்குக்காரர்களுக்கு வருகிற வியாதி. விழா முடிந்த வாரமே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார் டாக்டர்.

“சரியாயிடும்னுதான் நினைக்கிறேன். ஆனா சுருதி முன்ன மாதிரி பிடிபடுமான்னு இப்ப என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா.”

“அதுக்கு முன்னாடி ஒரு தடவை பெரிசாப் பாடிட்டு வந்துடட்டுமா டாக்டர்?”

“தாராளமா. யார் தடுக்கப் போறாங்க?” என்றார் டாக்டர். அவருக்கு வாரியத்தைப் பற்றித் தெரியாது.

புதன்கிழமை காலை வாரியத்தின் கண்காணிப்பாளர் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு நால்வரையும் நிற்க வைத்திருந்தார்.

“கதவு எண் இல்லாத இடத்துக்குள்ள எப்படிம்மா போவீங்க?”

“படுத்துத் துழாவிக்கிட்டுப் போவோம் சார்.”

“பூட்டியிருந்தா?”

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா முன்னால் வந்தார். “சார், மச்சான் தெரியாம எழுதிட்டான். அத அடிச்சுட்டு எங்க வீட்டுக் கார் ஷெட்டுன்னு போட்டுடறோம்.”

“அடிச்சுட்டா, முதல்ல சொன்னது பொய்னு ஆகுது. அடிக்கலேன்னா, இப்ப சொல்றது பொய்னு ஆகுது. எதுக்கு ரெண்டு வருஷம் தடை போடணும்னு நீங்களே சொல்லுங்க.”

“கடல்தான் சார் உண்மை,” என்றான் பிசின். மாமா அவன் காலை மிதித்தார்.

“அப்படின்னா நேரடி ஆய்வு. ஆய்வாளர் அந்த இடத்துக்கு உள்ள இருந்து அளந்து கையெழுத்துப் போடணும். பதினஞ்சு வேலை நாள் ஆகும்.”

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வேணுமே சார்,” என்று பிசின் சொல்லிவிட்டான்.

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. அவசரத்தை வாய்விட்டுச் சொல்லும் ஆளைக் கண்டால் எந்தக் கடைக்காரனுக்கும் அப்படித்தான் மலரும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“தம்பி, இந்த வாரியம் இருக்கறதே கலைஞர்களுக்கு உதவத்தான். போன வருஷம் முந்நூத்திப் பன்னெண்டு குழு விண்ணப்பிச்சாங்க. ஒரு குழுவாவது வெளிநாட்டுல போயி அசிங்கப்பட்டுச்சுன்னு கேள்விப்பட்டீங்களா? படல. ஏன்னா ஒரு குழுகூடப் போகல. அவ்வளவு கண்ணும் கருத்துமாப் பாத்துக்கறோம்.”

பிசினுக்குத் தலையாட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆட்டினான்.

அக்கா படிவத்தை எட்டிப் பார்த்தாள். அவசரம் எல்லாம் வடிந்துபோன குரலில், “சரி சார், பதினஞ்சு நாள் கழிச்சே வாங்க. ஆனா அந்த மணல்திட்டு நகர்ந்துக்கிட்டே இருக்கு. நீங்க வரும்போது அந்த இடம் அங்க இருக்காது. ‘ஆய்வுக்கு உரிய இடத்தை வாரியம் தவறவிட்டது’ன்னு கோப்புல ஏறும். பரவாயில்லையா?” என்றாள்.

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். மனிதர்கள் காணாமல் போவதை அவர் பார்த்திருக்கிறார்; ஆய்வுக்குரிய இடம் காணாமல் போவது வேறு சமாசாரம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆய்வு என்று எழுதிக் கொடுத்தார்.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். பாலிஷ் போட்ட ஷூ, இடுப்பில் அளவு நாடா, பிளாஸ்டிக் உறையில் கோப்பு. கடலைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றலாமா என்று விதியில் இருக்கிறதா என யோசித்தார். இல்லை. போட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்கினார்.

“எனக்கு நீச்சல் தெரியாதுங்க.”

“அதப் படிவத்துல கேக்கலையே சார்,” என்றான் நெட்டை.

இருப்பதிலேயே அகலமான பலகையில் அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அக்கா முன்னால் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தினாள். பிசின் பின்னால் இன்னொரு பலகையில் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மாமாவும் நெட்டையும் கரையில் நின்றார்கள். மணல்திட்டைத் தாண்டியதும் ஆய்வாளர் கண்ணைத் திறந்தார்.

“இதுதான் நுழைவாயிலா?”

“அப்படியே வச்சுக்குங்க சார்.”

“தரை எங்க?”

“கீழ.”

“எவ்வளவு கீழ?”

“அது இன்னைக்குத் தேதியப் பொறுத்தது.”

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பிசின் தலையைத் தூக்கினான். வெளிக்கடலில் ஒரு கோடு கறுத்துத் தடித்துக்கொண்டிருந்தது. பெரிய கூட்டம். இங்கே உட்கார்ந்திருந்தால் தலைமேல் உடையும்.

“அக்கா! வெளிய பாரு!”

அக்கா ஆய்வாளரிடம் தீயணைப்புக் கருவியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“அக்கா! அலை!”

பத்தடி தூரம்தான். காற்றுகூடப் பெரிதாக இல்லை. அடிவயிற்றிலிருந்து மூன்றாம் முறை கத்தினான். அவள் சிரித்துக்கொண்டே ஆய்வாளரின் பேனாவுக்கு மூடி எடுத்துக் கொடுத்தாள். அலை எழும்போது முதுகால் உணர்கிறவள் என்று அவளைப் பற்றி ஊரே பேசும். அவள் காதால் மட்டுமல்ல, எதனாலும் அதை அறியவில்லை. பிசினுக்கு டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது விளங்காத ஒன்று அந்தப் பத்தடியில் விளங்கிவிட்டது.

நாடாவை விட்டுவிட்டுப் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தான். அவள் திரும்பிப் பார்த்த நேரத்தில் தண்ணீர்ச் சுவர் எழுந்துவிட்டது. “மூச்ச இழுத்துப் பிடிங்க சார்!” என்று கத்தி, பலகையோடு சேர்த்து ஆய்வாளரைக் கட்டிக்கொண்டாள். மூவரும் உருண்டார்கள். மேலே எது, கீழே எது என்று தெரியாத வெண்மையில் ஒரு ஷூ பிசினின் நெற்றியில் உதைத்துவிட்டுப் போனது.

நுரை அடங்கியபோது மூன்று தலைகளும் இருந்தன. ஆய்வாளர் ஒரு கையால் பலகையைப் பற்றியிருந்தார். மறு கை தண்ணீருக்கு மேலே நேராக நின்றது. அதில் கோப்பு.

“எத்தன தடவடா கூப்பிட்ட?” என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“ஒரே தடவதான்,” என்றான் பிசின். அது அவன் வாழ்க்கையில் சொன்ன முதல் பெரிய பொய்.

ஆய்வாளர் ஒற்றை ஷூவோடு கரையில் உட்கார்ந்து அறிக்கையை முடித்தார். மனிதர் நேர்மையானவர். ‘சுவர்கள் இல்லை. நீளம் அளவு நாடாவுக்கு அப்பாற்பட்டது. நாடா தற்போது அவ்விடத்தின் உள்ளேயே உள்ளது. ஆய்வின்போது மேற்படி இடம் தானாக எழுந்து ஆய்வாளர்மேல் ஒருமுறை விழுந்தது. தீ விபத்துக்கான வாய்ப்பு: மிகக் குறைவு.’ வாரியத்தின் மதிப்பெண் முறையில் தீக்குத்தான் பாதி மதிப்பெண். ஈரக்காலின் பயிற்சி இடம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கியது. அதற்கு முன் அதிகபட்சம் நாற்பது.

அடுத்து, பாட்டின் கால அளவைக் கேட்ட இருபத்திரண்டாம் கேள்வி காத்துக்கொண்டிருந்தது. வெள்ளி மதியம் ஒன்றரை மணிக்கு மதிப்பீட்டுக் குழுவின் முன் ஒரு முழுப் பாட்டைப் பாடிக் காட்டும்படி உத்தரவு.

அறையில் நீள மேசை. நடுவில் வாரியத் தலைவர், வலப்பக்கம் ஓர் உறுப்பினர், இடப்பக்கம் ஓர் உறுப்பினர். ஓரத்துச் சின்ன மேசையில் கண்காணிப்பாளர், முத்திரைப் பெட்டி, ஒரு கணினி. நான்கு மணி அடித்தால் முத்திரைப் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று கண்காணிப்பாளர் பெருமையோடு சொன்னார். திங்கள்கிழமைதான் திறக்கும்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “நான் இசைக்கு எதிரி இல்ல. எங்க வீட்ல ரேடியோ இருந்துச்சு. ஆனா ஒண்ணு யோசிக்கணும். நாம வெளிநாட்டுக்கு ஒரு நாற்காலி அனுப்பறோம். மூணு காலோட அனுப்புவமா? பாதிப் பாட்ட அனுப்பினா நம்ம நாட்டுல மீதிப் பாட்டு இல்லன்னு நினைக்க மாட்டானா? முழுப் பாட்டு, முடிவோட வேணும். முடிவுன்னா என்னன்னு விதியில தெளிவா இருக்கு: மதிப்பீட்டுக் குழு உறுப்பினர் நாங்க மூணு பேரும் ஒரே சமயத்துல முடிஞ்சிருச்சுன்னு உணரணும். நடுவுல நிறுத்தினா விண்ணப்பம் நிராகரிக்கப்படும். தொடங்கலாம்.”

தொடங்கினார்கள். நன்றாகவே தொடங்கினார்கள். ஐந்தாவது நிமிடத்தில் பிசினுக்கு வியர்த்தது. பாட்டில் இருந்ததெல்லாம் பாடியாகிவிட்டது. வழக்கமாக அக்கா நிறுத்தும் இடங்கள் மூன்று போய்விட்டன. நிறுத்தினால் நிராகரிப்பு. அக்கா முதலடிக்கே திரும்பினாள்.

பதினைந்தாவது நிமிடத்தில் பிசின் துணிந்து டிரம்ஸை உருட்டி, தட்டுகளை ஓங்கி அடித்து, பெரிய கச்சேரிகளில் முடிப்பதுபோல் ஒரு முடிவு காட்டினான்.

“முடிஞ்சிருச்சு,” என்றார் வலப்பக்க உறுப்பினர்.

“எனக்கு அப்படித் தோணல,” என்றார் இடப்பக்கத்தவர். “அந்தம்மா இன்னும் ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு.”

அக்கா உடனே ஏதோ சொல்ல வந்ததுபோல் பாடினாள். அரைமணி நேரம் கழித்து மாமா கிதாரில் இழுத்து இழுத்து மங்கச் செய்து முடித்துப் பார்த்தார். இப்போது இடப்பக்கத்தவருக்கு முடிந்துவிட்டது. வலப்பக்கத்தவர், “போன தடவை முடிஞ்சப்ப இவர் ஒத்துக்கல. இப்ப முடிஞ்சா நான் எப்படி ஒத்துக்கறது?” என்றார். வாக்கெடுப்பு நடந்தது. பாட்டு நின்றால் நிராகரிப்பு என்பதால் வாக்கெடுப்பின்போதும் வாசித்தார்கள். தேநீர் வந்தது, அதற்கும் வாசித்தார்கள். நெட்டையின் விரல் நுனி வெடித்து ரத்தம் கம்பியில் பட்டது. மணி மூன்று ஐந்து.

தலைவர் எழுந்தார். “இந்தச் சிக்கலப் பத்தி நான் சில வார்த்தை சொல்ல விரும்பறேன்…”

அக்கா கிதாரை அடக்கச் சொல்லிக் கையால் காட்டினாள். மரியாதைக்காகத்தான். வாத்தியங்கள் தணிந்து அவர் குரலுக்குக் கீழே ஓடின. தலைவர் நாற்பது வருடமாகப் பேசிவருகிறார். அவர் சொற்களுக்கு அடியில் இதுவரை ஒரு விசிறிச் சத்தமும் இருமலும்தான் இருந்திருக்கின்றன. இன்று முதல்முறையாக ஒரு பேஸ் கிதார். “வாரியம் என்பது…” என்று நிறுத்தினார். பிசின் மெல்ல ஒரு தட்டுத் தட்டினான். தலைவரின் புருவம் உயர்ந்தது. “வாரியம் என்பது…” இன்னொரு முறை. இன்னொரு தட்டு. அதன்பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. வாரியத்தின் வரலாறு, நோக்கம், புதிய கட்டடத்துக்கான வரைபடம் எல்லாம் வந்தது. மூன்று முப்பத்தாறுக்கு, “நன்றி” என்று கையை விரித்தார்.

“முடிஞ்சிருச்சு!” என்று இரண்டு உறுப்பினர்களும் சேர்ந்து கத்தினார்கள். தலைவர் பேச்சு முடிந்ததும் அப்படிக் கத்துவது அவர்களுக்குக் கைவந்த பழக்கம்.

வாத்தியங்கள் நின்றன. பிசினுக்குத் தோள்கள் மரத்திருந்தன. தப்பித்துவிட்டோம் என்று மாமாவைப் பார்த்துச் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை.

“பாட்டு அனுமதிக்கப்பட்டது,” என்றார் தலைவர். “இதில ஒரு சின்ன விஷயம். அனுமதிக்கப்பட்ட வடிவத்துல என் உரையும் சேர்ந்திருக்கு. நான் இல்லாம நீங்க பாடினா அது அனுமதி இல்லாத பாட்டாயிடும். இவங்க ரெண்டு பேர் ‘முடிஞ்சிருச்சு’ன்னு சொன்னதும் சேர்ந்திருக்கு.”

“டிக்கெட்டு நாலுதான் சார் அனுப்பியிருக்காங்க.”

“தெரியும்மா. அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.” மதிப்பீட்டுக் குழுவின் மூவரும் தங்கள் பாஸ்போர்ட்டுகளை மேசைமேல் வைத்தார்கள். “பாடறதுக்கு நீங்க ஒருத்தர் போதாதா?”

மணி மூன்று நாற்பது. அக்கா மாமாவின் கிதாரை வாங்கி உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். “வாங்க போகலாம்,” என்று கதவை நோக்கி நடந்தாள். மாமா ஆம்ப்ளிஃபயரின் வயரைச் சுருட்டினார். பிசின் கடிகாரத்தைப் பார்த்தான். போய்விட்டால் எல்லாம் போயிற்று. அக்கா கதவுப்பிடியில் கை வைத்து, அதைத் திருகாமல், செருப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

“இரும்மா, இரும்மா. அவங்க ரெண்டு பேரும் வரலேன்னா?” என்றார் தலைவர்.

வலமும் இடமும் தலைவரை வெறுப்போடு பார்த்தன.

“நீங்களும் வரலேன்னா?” என்றாள் அக்கா.

“அது ஆகாது.”

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். “எத்தன நிமிஷம் பேசணும்?”

“முப்பத்தோரு நிமிஷம் பேசினேன்.”

“நாலு.”

“நாலு நிமிஷத்துல வணக்கம்கூடச் சொல்ல முடியாதும்மா! இருபது.”

“அங்க உள்ளவங்களுக்கு நம்ம மொழி தெரியாது சார். அஞ்சு.”

“மொழி தெரியாதவங்களுக்கு நிறுத்தி நிதானமாச் சொல்லணும். பதினஞ்சு.”

மணி மூன்று நாற்பத்தொன்பது. பேச்சு ஒன்பது நிமிடம் என்று பேரம் படிந்தது. தலைவர் தன் பேனாவைத் திறந்தார். “எனக்கு டிக்கெட்டு வேணும்னா உங்க நாலு பேர்ல ஒருத்தர நீக்கணும். தாளம் நான் பாத்துக்கறேன். தட்டுறதுதானே?” கோப்பை இரண்டு முறை தட்டிக் காட்டினார். இரண்டும் வெவ்வேறு வேகம்.

“அவன் என் தம்பி. அவன் இல்லாம நான் போக மாட்டேன்.”

“அப்ப சரி. திங்கக்கிழமை பாப்போம்.”

அக்கா எழுந்திருக்கவில்லை. கிதாரைத் தொடவில்லை. பேரம் பேசும்போது அவளுடைய முகவாய் கொஞ்சம் சாயும். இப்போது அது நேராக இருந்தது. அவள் விலை கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று பிசினுக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்தது; அவர் தரையைப் பார்த்தார்.

கடிகாரத்தில் மூன்று ஐம்பத்து நான்கு. பிசின் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து சின்ன மேசைக்குப் போனான்.

“விலகல் படிவம் ஒண்ணு குடுங்க சார்.”

சாதாரணக் குரலில்தான் கேட்டான். அறையில் எல்லோரும் திரும்பினார்கள். அக்கா திரும்பவில்லை. கண்காணிப்பாளர் தாளை நீட்டினார். விலகுவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பிசின் பேனாவை வைத்து யோசித்தான். உண்மையை எழுத இடம் போதாது. ‘சொந்த வேலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

முத்திரை விழுந்த அதிர்வு தரைவழியாக வந்துதான் அக்கா திரும்பினாள். கணினியில் சான்றிதழ் போய்விட்டது. மூன்று ஐம்பத்தெட்டு. பெட்டி ‘டிக்’ என்று பூட்டிக்கொண்டபோது அவள் அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

“எந்த வேலடா உனக்கு? என்ன சொந்த வேல? பொய் சொல்ல எப்பக் கத்துக்கிட்ட?”

வீடு போகிற வரைக்கும் அவனோடு பேசவில்லை. வேனில் நெட்டைதான், “பலகை ரெண்டு ஒட்டணும்னு சொன்னானே, அதுதான் வேலையாயிருக்கும்,” என்று சொல்லி அவளிடம் தலையில் குட்டு வாங்கினான்.

விழா அன்று பிற்பகல் பிசின் தன் பட்டறையில் ஃபோனைப் பிசின் டப்பாவின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தான். மேடை, பின்னால் கடல், முன்னால் மனிதத் தலைகளின் இன்னொரு கடல். அக்கா, மாமா, நெட்டை. அவனுடைய இடத்தில், அவனுடைய ஸ்டூலில், கோட்டு போட்டுத் தலைவர். மடியில் கோப்பு.

அவர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஒன்பதாவது நிமிடத்தில் வாரியத்தின் நோக்கத்தில் இருந்தார். பத்தாவது நிமிடத்திலும் அங்கேயே இருந்தார். பதினான்கு. பதினேழு. பிசின் எழுந்து நின்றுவிட்டான். நாற்பதில் பதினெட்டு போய்விட்டது. அக்கா மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “பாடுக்கா,” என்றான் ஃபோனைப் பார்த்து. “எதுக்குக் காத்திருக்க? பாடு!”

“ஆகவே இந்த வாரியம் எதிர்கா…” என்று தலைவர் கையை உயர்த்தியபோது அக்கா பாடினாள். அவர்மேலேயே பாடினாள், முதல் சொல்லிலேயே முழுத் தொண்டையோடு. நாற்பது வருடத்தில் யாரும் இடைமறிக்காத மனிதர் வாய் திறந்தபடி நின்றார். கை உயர்ந்தது உயர்ந்தபடியே. பிறகு பத்தாயிரம் பேரும் கத்திய கத்தலில் ஃபோன் பிசின் டப்பாவிலிருந்து வழுக்கி விழுந்தது.

எடுத்துப் பார்த்தால் ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஈரக்காலை நேரில் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு அநியாயமாக அரைச் சொல்லில் முடிந்த ஒன்றை அவர்கள் கேட்டதே இல்லை. தலைவர் அந்தக் கைதட்டலைக் கேட்டு மெல்லக் கையை இறக்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, அதற்கப்புறம் தொல்லை தரவில்லை.

மீதி இருபத்திரண்டு நிமிடமும் அக்கா பாடினாள். தாளம் இல்லாமல் பாட்டுகள் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தள்ளாடி வந்தன. இரண்டு முறை பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பினாள். ஏழு வருடமாக அந்தப் பாட்டுகளை அடித்துக்கொண்டே இருந்தவன் அன்றுதான் உட்கார்ந்து கேட்டான். கையில் பூசியிருந்த பிசின் அப்படியே காய்ந்து இறுகிப்போனது.

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் அக்கா தலையைச் சுற்றிக் கட்டோடு படுத்திருந்தாள். கட்டைப் பிரித்த பிறகுதான் என்ன மிச்சம் என்று தெரியும். பேசுவதை அவள் பார்க்கும்படி பிசின் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

“அக்கா, தலைவர் வந்திருக்காரு. வெளிய உக்காந்திருக்காரு.”

“பழம் வாங்கிட்டு வந்தாரா?”

“ஃபைல் கொண்டுவந்திருக்காரு. விழாக்காரங்க அடுத்த வருஷத்துக்கும் கூப்பிட்டிருக்காங்களாம். பேச்சாளரும் கண்டிப்பா வேணுமாம். ஆனா அதே மாதிரி நடுவுல வெட்டினாத்தான் வேணுமாம். நீ வெட்டுறதுக்குச் சம்மதம்னு அவருக்கு உன் கையெழுத்து வேணும். இல்லேன்னா அவருக்கே சான்றிதழ் கிடைக்காதாம். அவர் போட்ட விதிதான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்து, வலித்து, நின்றது. “அடுத்த வருஷம் எனக்குக் கேக்குமோ என்னமோ.”

“அத அவருகிட்ட சொல்லிடாத.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். மயக்க மருந்தின் மிச்சத்தில் இமைகள் இறங்கின. “எத்தன நிமிஷம் வெட்டாம விடணுமாம்?”

“பதினெட்டு.”

“மூணு நிமிஷம். உன் ஸ்டூல் உனக்கு. அதுக்கு மேல ஒண்ணும் இல்லைன்னு சொல்லு,” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

பிசின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான். நடைபாதையில் தலைவர் சட்டென்று எழுந்தார்.

“என்ன சொன்னாங்க தம்பி? இன்னைக்கே அனுப்பியாகணும். ரொம்ப அவசரம்.”

பிசின் அவர் பக்கத்தில் நிதானமாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டான்.

“ரெண்டு நிமிஷம்னு சொல்றாங்க சார்,” என்றான்.